ஏழே முக்கால் மீட்டர்

வெளிநாடு போய்வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போய்வந்த இடங்களைச் சொன்னால் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் டீ குடிப்பவர்கள்கூடச் சிரிப்பார்கள். இரண்டு சிறிய ரயில் நிலையங்கள், கடைசியில் ஒரு நாள் சென்னை. அவ்வளவுதான். இருந்தும் எனக்கு அது அயல்நாடு. எங்கள் ஊரில் ரயில் கிடையாது. நாங்கள் பஸ்காரர்கள். கைகாட்டினால் வண்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கண்டக்டரைத் திட்டுவோம். தண்டவாளத்தில் இந்த வழக்கம் எதுவும் செல்லாது. அங்கே பாஷை வேறு, சட்டம் வேறு, கடிகாரம் வேறு.

நடந்தது 2008இன் தொடக்கத்தில். ரயில் நிலையங்கள் இரண்டின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அங்கே எனக்கு உதவியவர்கள் பலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

நான் மானாம்பதிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். என் மனைவி கோமளாவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. காலில் இரும்புக் காலிப்பர், கையில் ஊன்றுகோல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பல வருடம் காத்திருந்து, நாற்பத்து மூன்றாம் வயதில் கிண்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை.

காலை 5.20க்கு பஸ் பிடித்து, 6.05க்கு மருதம்பேடு ஸ்டேஷனில் இறங்கி, 6.48 மின்சார ரயிலில் ஏறினால் நேராகக் கிண்டி. நடுவில் எங்கும் மாற வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி. மேடையும் பெட்டியும் ஒரே மட்டம். எட்டு மாதம் தானாகவே ஏறி, தானாகவே இறங்கி, மகாராணி மாதிரி போய்வந்தாள்.

அப்புறம் கன்டெய்னர் ரயில் வந்தது.

அரசாங்கத் தண்டவாளத்தில் தனியார் கம்பெனிகள் கட்டணம் கட்டி கன்டெய்னர் ரயில் ஓட்டலாம் என்று வழி திறந்திருந்த காலம் அது. அப்படி ஒன்று திங்கள், புதன், வெள்ளி காலைகளில் தெற்கேயிருந்து புறப்பட்டு, எங்கள் பாதையில் கிழக்கிலிருந்து மேற்கே போக ஆரம்பித்தது. பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் ஒன்றுக்கொன்று ஒதுங்கி விலக முடியும். அதற்கு மருதம்பேட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மருதம்பேட்டில் இரண்டு லைன். முதல் லைனுக்கு மேடை உண்டு. இரண்டாவது லைனுக்கு ஜல்லியும் நாயுருவிப் புதரும்தான். கன்டெய்னர் ரயில் வந்து மேடையோரமாக நிற்கும். ஜனங்கள் ஏறும் மின்சார ரயிலை இரண்டாவது லைனில் விடுவார்கள். தரையிலிருந்து பெட்டியின் கதவுப்படி என் மார்பு உயரம்.

சரக்குக்கு மேடை, மனிதர்களுக்கு ஜல்லி.

டைரியைப் புரட்டிப் பார்த்தேன். ஐந்து வாரம், பதினைந்து கன்டெய்னர் நாள். எட்டு நாள் கோமளாவை மற்றவர்கள் தூக்கி ஏற்றியிருக்கிறார்கள். ஏழு நாள் ஏற்றுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த வண்டி 8.35க்கு. ஏழு நாளும் அலுவலகத்தில் தாமதக் குறி. இப்படியே போனால் தகுதிகாண் அறிக்கையில் எழுத வேண்டிவரும் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார்.

"தாமதத்த கூட வுடுங்க," என்றாள் கோமளா. "ரெண்டு பேர் இடுப்ப புடிக்கிறாங்க, ஒருத்தர் கால புடிக்கிறாரு, உள்ள தள்றாங்க. கன்டெய்னரயாவது கிரேன்ல பதமா ஏத்தறான்."

நான்கு நாள் ஈட்டிய விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை அவளோடு கிளம்பினேன். பஸ் நிலையத்தில் இட்லி மூன்று; சட்னியில் உப்பு குறைவு. மருதம்பேட்டில் 6.30க்கே ஜனங்கள் மேடையிலிருந்து இறங்கி, முதல் லைனைத் தாண்டி, இரண்டாவது லைன் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன்.

"சரக்கு வண்டி வந்து பூந்துச்சுன்னா அந்தாண்ட போவ முடியாது சாரு," என்றாள் முனியம்மா. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பிலிருந்து கீரைக் கூடையோடு தினமும் தாம்பரம் போகிறவள். "ஊரு நீளம் கீது. அடியில பூந்து போறதா? அதான் கன்டெய்னர் நாள்னா மின்னாடியே எறங்கிக்கினு நிப்போம். இன்னா, இன்னிக்கு காவலுக்கு வந்துகினியா?"

6.39க்குக் கன்டெய்னர் ரயில் வந்தது. 6.48க்கு மின்சார ரயில். முனியம்மா கூடையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்தாள். "தடிய மொதல்ல குடு யக்கா, நீ அப்பறம்!" ஊன்றுகோல் உள்ளே போனது. பிறகு கோமளா போனாள். காலிப்பர் கதவில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி போனதும் கன்டெய்னர் ரயிலின் கடைசிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு வந்தேன். கார்டு கீழே இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தார். கம்பெனி ரயிலானாலும் டிரைவரும் கார்டும் ரயில்வே ஆட்கள்தான். தினமும் இங்கேதான் நிற்க வேண்டுமா என்று கேட்டேன்.

"எங்க நிறுத்தனா எனக்கு இன்னா சார்? கன்ட்ரோல் ரூம்ல சொல்ற எடத்துல நிப்போம்," என்றார் அவர். "என்னக் கேட்டா இது மோசமான எடம். மேட இருக்குது, டீ இல்ல. முன்னாடி ஸ்டேஷன் கொளத்துமேட்ல வாசல்லயே டீக்கடை. நாலு மணிக்கு வண்டி எடுத்தது சார், வாய் காஞ்சு கீது."

இதைக் குறித்துக்கொண்டேன். வண்டி கிளம்புவதற்குள் ஒரு பெட்டியின் நீளத்தை மேடையிலேயே நாடா வைத்து அளந்தேன்: பதினாலரை மீட்டர். கிளம்பும்போது எண்ணினேன்: நாற்பத்தைந்து பெட்டிகள். எஞ்சினையும் கார்டு பெட்டியையும் சேர்த்து 686 மீட்டர்.

ஸ்டேஷன் மாஸ்டர் பொறுமையான மனிதர். அறையில் உட்காரவைத்தார்.

"நான் வேணும்னு பண்றேனா சார்? ரெண்டாவது லைன் சின்னது. அந்த வண்டி அதுல கொள்ளாது. வால் வெளிய நீட்டிக்கினு நிக்கும். அதனால அத மேடையில வாங்கறேன், எலக்ட்ரிக் வண்டிய அந்தப் பக்கம் வாங்கறேன்."

"அப்படியானால் கன்டெய்னர் ரயில் காத்திருக்கட்டுமே? ஜனங்கள் வண்டிதானே முதலில்?"

"காத்திருக்க எடம் வேணுமே சார். இன்னொண்ணு, அவங்க சும்மா வர்ல. இந்த லைன்ல ஓட்டறதுக்குக் காசு கட்டறாங்க. அந்த மாதிரி வண்டிங்க கட்டற காசுலதான் நம்ம சீசன் டிக்கெட் இந்த வெலையில நிக்குது. அத நிறுத்துன்னு மட்டும் எழுதிப் போட்டுடாதீங்க."

அவர் சொன்னது நியாயம். எங்கள் சுகாதார நிலையத்துக்கு வரும் உப்புக்கரைசல் பொட்டலம்கூட ஏதோ ஒரு கன்டெய்னரில் வந்திருக்கலாம். சரக்கு ரயில் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்கள் கட்டுவது தண்டவாள வாடகை என்றால் கோமளாவின் சீசன் டிக்கெட்டும் வாடகைதான். வேறு ஏதாவது ஸ்டேஷனில் இரண்டு வண்டியும் விலக முடியுமா என்று கேட்டேன்.

"கொளத்துமேட்ல லூப் லைன், அதான் வண்டி ஒதுங்கி நிக்கற லைன், இருக்குது. நீளம் எனக்குத் தெரியாது. மேல ஆபீஸ்ல இருக்கும். கேட்டா குடுப்பாங்களோ, மாட்டாங்களோ."

கொடுக்காவிட்டால் என்ன, தரையில் கிடக்கிறதை அளந்துகொள்ளலாம் என்று தீர்மானித்தேன். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே சிமென்ட் கட்டைகள் இருக்கின்றன. அவை சம இடைவெளியில்தான் இருக்கும். முதல் லைனில் நாடா பிடித்தேன்: கட்டைக்குக் கட்டை அறுபது சென்டிமீட்டர். பிறகு இரண்டாவது லைனில் வண்டி நிற்கக்கூடிய எல்லைக்கல்லிலிருந்து சிக்னல் வரை எண்ணினேன்: 812 கட்டை. அப்படியானால் 487 மீட்டர். மாஸ்டர் சொன்னது சரி.

செவ்வாய்க்கிழமை காலை கொளத்துமேட்டில் இறங்கினேன். கார்டு பொய் சொல்லவில்லை, வாசலிலேயே டீக்கடை. டீ நன்றாகவே இருந்தது, போண்டா முந்தைய நாளுடையது. எங்கள் ஊரில் டீ கேட்டால் ஊர்க்கதையும் சேர்ந்து வரும். இங்கே எல்லாரும் ஒரு கண்ணை சிக்னலில் வைத்துக்கொண்டு குடிக்கிறார்கள். சிக்னல் இறங்கினால் பாதி டீ கிளாஸிலேயே நிற்கிறது.

லூப் லைனில் எண்ண ஆரம்பித்தேன். 300இல் நோட்டில் ஒரு கோடு, 600இல் ஒரு கோடு. 925இல் எல்லைக்கல் வந்தது. 555 மீட்டர். 686 வேண்டும். நூற்று முப்பத்தொரு மீட்டர் போதாது.

அங்கேயே நின்று மறுபடி பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தண்டவாளத்துல இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"

ரயில்வே பாதுகாப்புப் படைக் கான்ஸ்டபிள். லத்தியைக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"கட்டை எண்ணுகிறேன்."

"இன்னாது?"

"கட்டை. தொள்ளாயிரத்து இருபத்தைந்து."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டேஷன் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒன்றேமுக்கால் மணி நேரம் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகச் சத்தமாகப் படித்தார்.

"'812. 487. பெட்டி 45.' ம்ம். 'இட்லி மூன்று, சட்னியில் உப்பு குறைவு.' இந்த உப்பு இன்னா சீக்ரெட் கோடு?"

"கோடு இல்லை. உப்புதான்."

"எவனாவது சட்னிய நோட்டுல எழுதுவானா?"

சுகாதார நிலையத்துக்கு போன் போட்டார். நர்ஸ் அம்மா எடுத்தார். ரிசீவரைத் தாண்டி அவர் குரல் எனக்கே கேட்டது: "யாரு, அவரா? மாத்திர அட்டைய மூணு தபா எண்ணித்தான் குடுப்பாரு. நல்ல மனுசன். பேஜார் பண்ணாம வுட்ருங்க."

கான்ஸ்டபிளின் முகம் மாறியது. விஷயத்தை முழுதாகச் சொன்னேன். கோமளாவைத் தூக்கி ஏற்றுவதைச் சொன்னபோது லத்தியைச் சுவரில் சாய்த்துவைத்தார். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"தனியா லைன்ல நடந்தீன்னா மறுபடியும் புடிப்பேன். சட்டம் அது. லைன் பாக்கற கீமேன் ஏழுமலைன்னு கீறாரு. நாளைக்கு அவரு கூட போ, மாஸ்டர் கிட்ட நா சொல்லிக்கிறேன்." கொஞ்சம் தயங்கினார். "சாப்ட்டதும் வயிறு உப்பிக்கிது சார். ஏதாச்சும் மாத்திர கீதா?"

பையில் இருந்தது. எப்போது சாப்பிட வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

கொளத்துமேடு போதவில்லை என்றால் அதற்கும் அடுத்த ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். அதனால் புதன்கிழமையும் புறப்பட்டேன். கோமளா 5.20 பஸ்ஸில் போனாள். ஏழுமலை பத்து மணிக்குத்தான் கிளம்புவார் என்பதால் நான் அடுத்த பஸ்ஸில் போனேன். போகிற வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துச் சாய்ந்து கிடந்தது. பஸ் நின்றது. அரை நிமிடத்தில் நாற்பது பேரும் இறங்கி டிராக்டர்காரருக்கு நாற்பது யோசனை சொன்னார்கள். நாற்பது பேர் கையிலும் ஒரு துண்டு கரும்பு. ரயிலில் வண்டி நின்றால் யாரும் இறங்குவதில்லை, யோசனையும் சொல்வதில்லை. ஏன் நின்றது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் வழக்கம் மேல் என்று எழுதவந்தேன். ஆனால் டிராக்டர் அசையவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்தேன்.

கொளத்துமேட்டில் ஏழுமலை தோளில் சுத்தியலும் பெரிய ஸ்பேனரும் மாட்டிக்கொண்டு காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். தினமும் எட்டு கிலோமீட்டர் நடந்து தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப்புகளைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை. தட்டும்போது வரும் சத்தத்திலேயே தளர்ந்தது எது என்று தெரிந்துவிடுமாம். இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். தூக்குச்சட்டியிலிருந்து கேழ்வரகுக் கூழை மூடியில் ஊற்றி எனக்குத் தந்தார். தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். அந்த நான்கு நாளில் நான் சாப்பிட்டதில் அதுதான் நல்ல சாப்பாடு.

என் கணக்கைக் காட்டினேன். அவருக்குப் படிக்க வராது. வாயால் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"அறுவதா?" என்றார். "எங்க வச்சிப் பாத்த?"

"மருதம்பேட்டில், மேடை லைனில்."

அவர் கூழ் குடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அது மெயின் லைன் நைனா. வேகமா வண்டி ஓடற எடம், கட்டைய நெருக்கிப் போடுவோம். லூப்புல வண்டி மெதுவாத்தான் வரும். அங்க தள்ளித் தள்ளித்தான் போட்டுக்கிறோம். கொளத்துமேட்டு லூப்ப போன வருசந்தான் நீட்டனோம். ஆடி மாசம். என் தோளுதான் சொல்லும், எவ்ளோ நீட்டனோம்னு."

இருபத்தாறு வருடமாக மாத்திரை எண்ணுகிறவன் நான். ஒரே அட்டையில் இருக்கும் மாத்திரை எல்லாம் ஒரே அளவு என்பது என் தொழில் பழக்கம். அதைத் தண்டவாளத்துக்கும் கொண்டுபோயிருக்கிறேன். ஒரு லைனை அளந்துவிட்டு இரண்டு ஊருக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம் இல்லை; திரும்பி நடந்தோம். அந்த அடுத்த ஸ்டேஷனை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

லூப் லைனில் ஏழுமலை நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். ஓர் இடத்தில் இல்லை, பத்து இடத்தில் அளந்தேன். எழுபத்தைந்து சென்டிமீட்டர். 925 கட்டை. 693.75 மீட்டர். ரயில் 686.

ஏழே முக்கால் மீட்டர் இடம் மிச்சம் இருந்தது. மருதம்பேட்டு இரண்டாவது லைனிலும் இதே இடைவெளிதான் என்று ஏழுமலை சொன்னார்; அதையும் புதுக் கணக்கில் போட்டுப் பார்த்தேன்: 609. அது இப்போதும் போதாது. ஆக, கொளத்துமேடு.

வீட்டுக்கு வந்தபோது கோமளா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு ஏறல," என்றாள். "தூக்க வந்தாங்க. வேணாம்னு சொல்லிட்டேன். எட்டரை வண்டியில போனேன். சூப்பிரண்டு லேட்டுன்னு குறி போட்டாரு. பேனாவ மூடி வச்சாரு."

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள். ராஜினாமா கடிதம். ஓரம் விட்டு, வரி இடைவெளி விட்டு, ஒரு பிழையில்லாமல் தட்டச்சு செய்திருந்தாள். தேதி மட்டும் போடவில்லை.

"ஏழே முக்கால் மீட்டர் இருக்கிறது," என்றேன். நோட்டைக் காட்டினேன். அவள் நிதானமாகப் பெருக்கிப் பார்த்தாள்.

"கணக்கு சரி," என்றாள். "கேக்கறவங்க கேக்கணுமே. வெள்ளிக்கெழம லீவு போட்டுர்றேன், அதான் கடைசி லீவு. திங்கக்கெழம போவேன். ஆனா மேடைய விட்டு எறங்க மாட்டேன். வண்டி மேடைக்கு வந்தா ஏறுவேன். அந்தப் பக்கம் போனா தேதி போட்டு தபால்ல போட்டுட்டு வூட்டுக்கு வந்துருவேன். நீங்க கெஞ்சக் கூடாது."

வியாழக்கிழமை கன்டெய்னர் நாள் இல்லை. கோமளாவோடு மேடையிலிருந்தே ஏறிச் சென்னைக்குப் போனேன். அவள் கிண்டியில் இறங்கிக்கொண்டாள். நான் ரயில்வே அலுவலகத்துக்குப் போனேன். பதினோரு மணிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். கட்டி எடுத்துப்போன எலுமிச்சை சாதத்தை வராந்தாவில் சாப்பிட்டேன். 3.40க்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

போக்குவரத்துப் பிரிவு அதிகாரி என்னைவிட இளையவர். மேசையில் மூன்று போன். நான் கணக்கு எழுதிக் கொடுத்த தாளைப் படித்துக்கொண்டே ஒன்றுக்குப் பதில் சொன்னார். கடைசி வரியில் கண் நின்றது.

"693.75? இத யார் குடுத்தா உங்களுக்கு?"

"நானே அளந்தேன், சார்."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். ஸ்டேஷன் வரைபடம். விரலை வைத்துத் தேடினார். சிரித்தார்.

"எங்க கணக்குல 694. அந்தக் கால் மீட்டர எங்க வுட்டீங்க?"

"திரும்பப் போய்த் தேடுகிறேன், சார்."

"உக்காருங்க." முகம் மறுபடி அதிகாரி முகமானது. "அந்தக் கம்பெனி பணம் கட்டி ஓட்டுது. வண்டி லேட்டானா மொதல் போன் எனக்குத்தான் வரும். புது எடத்துல நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க."

இதற்கான பதிலை வண்டியில் வரும்போதே எழுதிவைத்திருந்தேன். "சார், அந்த ரயில் இப்போதும் நிற்கிறது. மருதம்பேட்டில் இருபது நிமிடம், எழுதிவைத்திருக்கிறேன். அதைக் கூட்டச் சொல்லவில்லை. ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே நிற்கட்டும் என்கிறேன். பத்து, பதினைந்து நிமிடம் அங்கே கூடுதலாக நின்றாலும், மருதம்பேட்டில் நிற்காமல் போய்விடலாம். அவர்கள் கட்டுகிற பணத்துக்கு வழி கிடைக்க வேண்டும். நாங்கள் கட்டுகிற பணத்துக்கு மேடை கிடைக்க வேண்டும்."

அவர் பென்சிலால் தாளில் வண்டிக்கு ஒன்றாக இரண்டு சாய்ந்த கோடு போட்டார், ஒன்றை ஒன்று வெட்டும்படி. வெட்டிய இடத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி போட்டார்.

"லூப்ப நீட்டுறதுக்கு முன்னாடி இருந்த பழைய அளவ வச்சிப் போட்ட ஏற்பாடு. அப்படியே ஓடிக்கினு இருக்குது," என்றார், பாதி தனக்குள். "கன்ட்ரோல்ல சொல்லிப் பாக்கறேன். உறுதியா சொல்ல முடியாது. ஒரு வாரம் சோதனை. அவங்க ஒத்துக்கணும்."

"எப்போது தெரியும்?"

"வண்டி வரும்போது தெரியும்," என்றார்.

வெள்ளிக்கிழமை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கன்டெய்னர் ரயில் வழக்கம்போல மேடையில் நின்றது. முனியம்மா வழக்கம்போல ஜல்லியிலிருந்து ஏறினாள். மாஸ்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். சனி, ஞாயிறு தபாலும் இல்லை, போனும் இல்லை.

திங்கட்கிழமை 6.05க்கு மருதம்பேட்டில் இறங்கினோம். கோமளாவின் கைப்பையில் கடிதமும், தபால்தலை ஒட்டிய உறையும், ஒரு பேனாவும் இருந்தன. மேடையில் தனிப் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் போய் நின்று காலிப்பரின் முழங்கால் பூட்டைப் போட்டுக்கொண்டாள்.

6.30க்கு ஜனங்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கன்டெய்னர் நாள் ஆயிற்றே. இரண்டாவது லைன் ஓரமாக வரிசையாக நின்றார்கள். மேடையில் நாங்கள் இருவர் மட்டும்.

"யக்கா!" முனியம்மா அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "இன்னா நின்னுகினு கீற? சரக்கு வண்டி வந்து பூந்துச்சுன்னா மாட்டிக்குவ! எறங்கு, நா வந்து புடிக்கிறேன்!"

"நீ நில்லு முனியம்மா," என்றாள் கோமளா. "நா இங்கயே நிக்கறேன்."

"சாரு, நீயாவது சொல்லேன்!"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 6.39. கன்டெய்னர் ரயில் வரவில்லை. 6.42. வரவில்லை. அது தாமதமாக வந்தால்? இந்த மேடைக்கே வந்து நின்றால்? மாஸ்டர் அறைக்கு ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். அவள் பக்கத்திலேயே நின்றேன். கோமளா என் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

6.46க்கு ஹாரன் கேட்டது. கன்டெய்னர் ரயில் கிழக்கிலிருந்து வரும். இந்தச் சத்தம் மேற்கிலிருந்து வந்தது.

மின்சார ரயில் வளைவில் திரும்பியது. ஒரு கணம் அது எந்த லைனில் வருகிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு மேடை அதிர்ந்தது.

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். வண்டி தங்களுக்கும் மேடைக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டது. தாண்டி வர முடியாது. ஜல்லியிலிருந்தே தொற்றி ஏற வேண்டியதுதான். கோமளா ஊன்றுகோலை உள்ளே வைத்தாள், வலது காலை வைத்தாள், கம்பியைப் பிடித்து இடது காலை இழுத்துக்கொண்டாள். மூன்று வினாடி. யாரும் தொடவில்லை. பெட்டியில் அவள்தான் முதல் ஆள்.

அவள் உட்காரவில்லை. நேராக எதிர்க் கதவுக்குப் போனாள். கீழே ஜல்லியில் முனியம்மா கூடையோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கோமளா கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"கூடைய மொதல்ல குடு. நீ அப்பறம்."

வண்டி மூன்று நிமிடம் தாமதமாக, 6.51க்குக் கிளம்பியது. அது போன பிறகும் நான் மேடையிலேயே நின்றேன். 7.14க்குக் கிழக்கிலிருந்து கன்டெய்னர் ரயில் வந்தது. மருதம்பேட்டில் நிற்காமல், எனக்கு ஓரடி முன்னால் தடதடத்துக்கொண்டு போயிற்று. எண்ணினேன். நாற்பத்தைந்து. கடைசிப் பெட்டியின் வாசலில் அந்தக் கார்டு நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார். கையில் கொளத்துமேட்டு டீக்கடையின் கிளாஸ். திருப்பிக் கொடுக்க நேரம் இருந்திருக்காது.